தொங்கும் கோழியா, குளிர்பெட்டிக் கோழியா?

பல்லடத்துப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கறிக்கடைக்குப் போனாலும் என் கண் முதலில் வெட்டுக்கட்டைக்குத்தான் போகும். வெட்டி வெட்டி நடுவில் குழி விழுந்து, அந்தத் தடத்துக்குள் நேற்றைய கறித்துணுக்கு ஒட்டியிருக்கும். கத்திக்கும் கைக்கும் தராசுக்கும் ஒரே பழந்துணி.

ஆனாலும் இந்தக் கடைகளில் ஒரு பெரிய நல்லது உண்டு. கண்ணெதிரே அறுக்கிறார்கள், அரைமணி நேரத்தில் கறி வடைச்சட்டிக்குப் போய்விடும். பயப்பட வேண்டியது, காலையிலேயே உரித்துத் தொங்கவிட்ட கோழிக்கு. சித்திரை வெக்கையில் ஈ.கோலை என்கிற குடல் கிருமி, தோதான சூழல் கிடைத்தால், 20 நிமிடத்துக்கு ஒருதரம் இரட்டிக்கும். 8 மணிக்குத் தொங்கியதை 11 மணிக்கு வாங்கினால், கணக்குப்படி ஒரு கிருமி 500ஐத் தாண்டியிருக்கும்.

ஏசி கடையில் ஸ்டீல் மேசை, கையுறை, 5 டிகிரிக்குக் கீழே பெட்டி. சுத்தத்தில் இதுதான் மேல், கரண்ட் போகாத வரை. குளிரில் சால்மோனெல்லா என்கிற வயிற்றுப்போக்குக் கிருமி சாகாது, பெருகாமல் கிடக்கும், அவ்வளவே.

மருந்துக்கு அடங்காத கிருமி என்று வந்தால் இரண்டு கடைக்கும் வித்தியாசமே இல்லை. இங்கே தொங்குவதும் அங்கே பெட்டியில் இருப்பதும் பெரும்பாலும் இதே வட்டாரத்துப் பண்ணைகளில் சுமார் 40 நாள் வளர்ந்த பிராய்லர்தான். நோய் வருமுன்னே குடிதண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்தால், அதற்குத் தப்பிய கிருமி குடலில் தங்கும். குடலை எடுக்கும்போது கிழிந்தால் கறியில் ஒட்டும். ஐசியூவில் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்கிற ஆன்டிபயாடிக்கை 2019 ஜூலையில் மத்திய அரசு பண்ணைகளுக்குத் தடை செய்தது. அது பெரிய காரியம். ஆனால் மற்ற பல மருந்துகள் புழங்கத்தான் செய்கின்றன.

நாட்டுக்கோழி? அதையும் இப்போது கொட்டகையில் வளர்க்கிறார்கள். வெட்டுவதும் அதே கட்டையில்தான்.

மருந்துக்கு அடங்காத கிருமியும் தீக்கு அடங்கும். உள்ளே 75 டிகிரி ஏறினால் போதும், பள்ளிபாளையம் சிக்கன் சுருளச் சுருள வேகும்போது அது மிஞ்சாது. மிஞ்சுவது, கறி வெட்டிய அதே கத்தியில் அரிந்த பச்சை வெங்காயத்தில். குழாயடியில் கறியைப் பிடித்துக் கழுவும்போது தெறிக்கிற தண்ணீரும் அப்படித்தான்.

நான் இன்னும் தெருமுனைக் கடைக்குத்தான் போகிறேன். "அண்ணா, தொங்கறது வேண்டாங்க, புதுசா ஒண்ணு அறுங்க. கட்டைக்குக் கொதிதண்ணி ஊத்தித் தேச்சுருங்க, றெக்கை முக்கற டிரம் தண்ணி வேண்டாங்க" என்பேன். முதல் வாரம் முறைத்தார். இப்போது என் தலை தெரிந்தாலே கெட்டிலை எடுக்கிறார்.