தீக்காயத்துக்குப் பூச்சு: ஃபிளமசினா, தேனா, வெள்ளித் துணியா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீடுகளில் பாரபின் (மண்ணெண்ணெய்) அடுப்பு கவிழ்ந்தாலும் கொதிக்கும் குழம்பு கொட்டினாலும், கை முதலில் போவது பற்பசைக்கும் மஞ்சளுக்கும்தான். இரண்டும் வேண்டாம், பனிக்கட்டியும் வேண்டாம். ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் பிடித்தால் போதும். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பயன் உண்டு. இந்நாட்டுத் தயாரிப்பான பர்ன்ஷீல்ட் ஜெல்லில் பெரும்பகுதி நீர்தான், கொஞ்சம் டீ ட்ரீ எண்ணெய். தண்ணீர் கிடைக்காத இடத்துக்கு அது நல்லது. குழாய் இருக்கும் வீட்டில் அதைத் தேடி நேரம் போக்க வேண்டியதில்லை.

உண்மையான போட்டி அதற்குப் பிறகு. கிளினிக்கில் பெரும்பாலும் கிடைப்பது 1% சில்வர் சல்ஃபாடயசின் என்ற வெள்ளி கலந்த களிம்பு, இங்கே ஃபிளமசின் என்று பெயர். ஆய்வாளர் சார்லஸ் ஃபாக்ஸ் 1968-இல் அறிமுகப்படுத்தியது. குளிர்ச்சியாக இருக்கும், எரியாது, பல கிருமிகளை அடக்கும், விலையும் குறைவு. தொல்லை பின்னால் வரும். குறைந்தது ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் தினமும் பூச வேண்டும். அதற்கு முன் பழைய களிம்பை முழுக்கக் கழுவி எடுக்க வேண்டும், அதுதான் நோயாளிக்கு வலி. இரண்டு மூன்று நாளில் கசிவும் களிம்பும் கலந்து வெள்ளை மஞ்சளாக ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். அதைச் சீழ் என்றோ செத்த தோல் என்றோ பலர் தவறாக நினைப்பார்கள். காயத்தின் ஆழமும் அதற்கடியில் மறைந்துபோகும். அறுவை மருத்துவர் பார்க்க வேண்டிய காயத்துக்கு இதைப் பூசி அனுப்பாதீர்கள்; சமையலறை பிளாஸ்டிக் படலத்தை இறுக்காமல் மேலே போர்த்தி அனுப்புங்கள். புதுத் தோல் செல்களையும் இது தடுக்கும், ஆறுவது தாமதமாகும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள் ஆகியோருக்குக் கூடாது.

தேன் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பாய்வு, தோலின் பாதி ஆழம் வரையான தீக்காயத்தை வழக்கமான கட்டுகளைவிடச் சில நாள் முன்னதாகவே தேன் ஆற்றுகிறது என்றது. ஆனால் கடைத் தேன் அல்ல: காமாக் கதிரால் கிளாஸ்டிரிடியம் என்ற பாக்டீரியாவின் வித்துகளைக் கொன்ற மருத்துவத் தேன். அடுப்பில் சூடாக்கினால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும் நொதி கெட்டுவிடும், அதனால்தான் கதிர்வீச்சு. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துணிக்குச் சுமார் 20 மில்லி. கசிவு அதிகமாக உள்ள முதல் நாட்களில் தேன் நீர்த்து வழிந்தோடும். தினமும் மாற்ற வேண்டும். அமிலத்தன்மையால் சிலருக்கு எரியும்.

நுண்படிக வெள்ளி பூசிய துணியை ரகத்தைப் பொறுத்து 3 அல்லது 7 நாள் விடலாம். நனைக்கத் தூய நீர்தான், சலைன் (உப்புநீர்) கூடாது: அதிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துப் படியவைத்துவிடும். உலரவிட்டால் காயத்தோடு ஒட்டிக்கொள்ளும். புதிய பூச்சு உருவாக்குவோரும் இதை மறக்கக் கூடாது. ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் அகார் தட்டில், மருந்தைச் சுற்றிக் கிருமி அழிந்த வட்டம் சிறிதாகத் தெரிந்தால், மருந்து பலவீனமாக இருக்கலாம், அல்லது தட்டிலுள்ள வளர்ப்பு ஊடகத்தின் குளோரைடும் புரதமும் வெள்ளியை விழுங்கியிருக்கலாம்.

கருகிய தோலுக்குள் ஊடுருவுவதில் மஃபெனைடு என்ற இன்னொரு பூச்சு மருந்து முந்தும், ஆனால் கடுமையாக எரியும், பெரிய பரப்பில் இரத்தம் அமிலமாகும். 0.5% சில்வர் நைட்ரேட் கரைசல் படுக்கை, தரை எல்லாவற்றையும் கறுப்பாக்கி, உடலின் சோடியத்தையும் உறிஞ்சும்.

விலையைக் குழாய்க்கு எவ்வளவு என்று கணக்கிடுவது தவறு, கட்டு மாற்றத்துக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு டாக்சி மாறி தினமும் கிளினிக் வரும் தாய்க்கு, வாரம் ஒருமுறை மாற்றும் விலைகூடிய துணியே மலிவு. பெரிய வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் தீ மிதித்துச் சுட்டுக்கொண்ட பாதத்துக்கும் அதே கணக்குதான்: நடக்க நடக்க களிம்பு கட்டுக்கு வெளியே பிதுங்கிவிடும்.