ஒரே திருகு: சிஸ்டம்51-ம் சீக்கோ 7எஸ்26-ம்

2013-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் கடிகாரக் கண்காட்சியில் ஸ்வாட்ச் நிறுவனம் சிஸ்டம்51-ஐக் காட்டியது. சாவி கொடுக்காமலே, கை அசைவில் ஓடும் மெக்கானிக்கல் வாட்ச். வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் நூற்றுக்கு மேல் பாகங்கள் இருக்கும்; இதில் 51 தான். திருகு ஒன்றே ஒன்று. பாகங்களை ஐந்து தொகுதிகளாக்கி, நடுவில் அந்த ஒரு திருகைப் போட்டுப் பிணைத்துவிட்டார்கள். கோர்ப்பது முழுக்க இயந்திரம்.

இதன் பக்கத்தில் நான் வைத்துப் பார்ப்பது சீக்கோ 7எஸ்26. 1996-லிருந்து சீக்கோ 5 வாட்சுகளில் ஓடிய மூவ்மென்ட், அதாவது வாட்சை ஓட்டும் உள் இயந்திரம். அதைக் கோர்ப்பதிலும் பெரும்பகுதி வேலை இயந்திரங்களுடையதுதான். ஆகவே தயாரிப்பில் இரண்டும் ஒரே சாதி. கோர்த்து முடித்த பிறகுதான் வழி பிரிகிறது.

முதலில் ஓட்டம். இரண்டும் விநாடிக்கு 6 துடிப்பு. ஆனால் சிஸ்டம்51 முழுச் சாவியில் 90 மணி நேரம் தாங்கும், சீக்கோ சுமார் 41. வெள்ளி மாலை 6 மணிக்குக் கழற்றி வைத்தால் சீக்கோ ஞாயிறு மதியத்துக்கு முன்பே நின்றுவிடும். சிஸ்டம்51 செவ்வாய் மதியம் வரை ஓடும். போதாக்குறைக்கு, 7எஸ்26-க்குக் கேஸின் பக்கவாட்டில் இருக்கும் திருகாணியைச் சுற்றிக் கையால் சாவி கொடுக்கவும் முடியாது. நேரத் துல்லியத்திலும் சிஸ்டம்51 முந்துகிறது: ஸ்வாட்ச் சொல்லும் கணக்கு நாளைக்கு 7 விநாடிக்குள். பாகங்களுக்குப் பயன்படுத்தியிருக்கும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை காந்தத்துக்கு மசியாது. இதெல்லாம் சாதாரண விஷயம் இல்லை, அதுவும் ஸ்வாட்ச் விலையில்.

சரி, அப்புறம் ஏன் என் மனசு சீக்கோ பக்கம் போகிறது? கை அசைவில் சுற்றிச் சாவி ஏற்றும் எடைத் தகடான ரோட்டாருக்குக் கீழே இருக்கும் ஒரு பாகத்தைப் பார்த்தால் தெரியும். மேஜிக் லீவர் என்பார்கள். சீக்கோ 1959-ல் கண்டுபிடித்தது. ரோட்டார் சுழற்றும் சக்கரத்தில், மையத்திலிருந்து சற்று விலகிய முளையில் மாட்டிய, இரண்டு கரமுள்ள மெல்லிய தகடு. ஒரு கரம் பல்சக்கரத்தைத் தள்ளும்போது மற்றது பல்லின் மேல் வழுக்கிப் போகும். அடுத்த நொடி அது இழுக்கும், இது வழுக்கும். ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றினாலும் சக்கரம் ஒரே திசையில்தான் நகரும். பாகங்களைக் குறைக்கும் கலை இங்கேயும் இருக்கிறது. ஆனால் மூடியைத் திறந்து, ரோட்டாரின் திருகை எடுத்தால் உள்ளே போகலாம். இங்குமங்கும் ஆடி ஓட்டத்தின் வேகத்தை முடிவு செய்யும் பேலன்ஸ் சக்கரத்தின் மேல் சிறு நெம்பு ஒன்று உண்டு. வாட்ச் முந்தினால் மெக்கானிக் அதை ஒரு மயிரிழை நகர்த்திச் சரிசெய்வார்.

சிஸ்டம்51-ல் அந்த நெம்பே கிடையாது. தொழிற்சாலையில் லேசரால் ஒருமுறை நேரம் சரிசெய்வதோடு முடிந்தது. கேஸையும் திறக்க முடியாதபடி ஒட்டிவிடுகிறார்கள். தூசி, ஈரம் எதுவும் உள்ளே போகாது என்பது நியாயமான காரணம்தான். ஆனால் எண்ணெய் என்றாவது காயும். அன்று பழுதுபார்க்க வழியில்லை.

எங்கள் தெரு முனையில் வாட்ச் கடை வைத்திருக்கும் அண்ணன் அப்பாவின் சீக்கோவைத் திறந்தபோது மூடியின் உட்புறத்தைக் காட்டினார். ஊசியால் கீறிய மூன்று தேதிகள், மூன்று வேறு கையெழுத்துகளில். சர்வீஸ் செய்தவர்கள் விட்டுப்போன குறிப்பு. நான்காவதை அவர் கீறினார்.

இன்று வாங்குபவருக்கு 7எஸ்26-ஐவிட அதன் வழிவந்த என்எச்35-ஐத்தான் சொல்வேன். கையால் சாவி கொடுக்கலாம், திருகாணியை இழுத்தால் விநாடி முள் நிற்கும். இதைப் பிரித்துச் சுத்தம் செய்யும் கூலியைவிடப் புது மூவ்மென்டே மலிவு என்று முழுசாக மாற்றிவிடும் மெக்கானிக்குகளும் உண்டு, உண்மைதான். அப்போதும் கேஸும் டயலும் நாம் கட்டிப் பழகியவையாகவே இருக்கும்.