குல்மார்க் பனிக்கு வேலூரில் கால் பழக்குவது: ஜிம்மா, சோளிங்கர் படியா?

ஜனவரியில் ஸ்னோபோர்டு, அதாவது பலகையில் நின்று பனிச்சரிவில் சறுக்குவதைக் கற்றுக்கொள்ள, காஷ்மீரின் குல்மார்க்குக்குப் போகிறான் என் சித்தப்பா மகன். அதற்குள் உடம்பைத் தயார் செய்ய எந்த ஜிம்மில் சேரலாம் என்று கேட்டான். நான் இரண்டு முறை போய் வந்தவன். முதல் முறை காட்பாடியில் மூன்று மாதம் விடாமல் ஜிம்முக்குப் போய்விட்டுப் போனேன். இரண்டாம் முறை ஜிம்மை வாரம் ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டு, சோளிங்கர் மலைக்கோயில் படியை நம்பிப் போனேன். அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பலகை நம் உடம்பிடம் என்ன கேட்கிறது? இரண்டு பாதமும் ஒரே பலகையில் பூட்டியிருக்கும். பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கி, அரை பஸ்கியில் நின்றபடியே சரிவில் இறங்க வேண்டும். புதிதாகக் கற்பவர் முதலில் பழகுவது குதிகால் பக்க விளிம்பில் மெதுவாகச் சறுக்கி இறங்குவதை. அதற்குக் கால் விரல்களை மேலே தூக்கியே வைத்திருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கச் சதை பற்றி எரியும். விரல் பக்கம் திரும்பினால் கெண்டைக்கால் மாட்டிக்கொள்ளும். இதெல்லாம் நிற்கும்போது. முதல் இரண்டு நாளில் நிற்பதைவிட விழுந்து எழுவதுதான் அதிகம். கால் பூட்டிய நிலையில் பனியில் உட்கார்ந்து எழ வயிறு, இடுப்பு, கை மூன்றும் வேலை செய்யும்.

இதில் நம்மில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஸ்னோபோர்டில் மேலே ஏறுவது கேபிள் காரோ லிஃப்டோ. நம் கால் செய்வது இறங்கும் வேலை மட்டும். ஏறும்போது தொடைச் சதை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே சதை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது, பிரேக் மாதிரி. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும் கடும் வலிக்குப் பெரும்பாலும் இந்தப் பிரேக் வேலைதான் காரணம். முதல் முறை குல்மார்க்கில் மூன்றாம் நாள் காலை அறையை விட்டு வெளியே வர நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மூன்று மாத ஜிம்முக்குப் பிறகும் அப்படி.

ஜிம்மின் மேல் குறை சொல்லவில்லை. ஸ்குவாட்டில் (தோளில் எடை வைத்துப் போடும் பஸ்கி) எடையும், லெக் பிரஸ்ஸில் (காலால் எடையைத் தள்ளும் கருவி) தட்டும் கூடிக்கொண்டே வந்தன. ஆனால் நான் பழகியது அத்தனையும் எடையைத் தள்ளும் பக்கம். இறக்கும்போது சட்டென்று விட்டுவிடுவேன். டிரெட்மில்லும் அப்படித்தான்: மேடாக்கலாம், பெரும்பாலானவற்றில் பள்ளமாக்க முடியாது. இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஸ்குவாட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணியபடி இறங்கி, ஒரே மூச்சில் எழ வேண்டும். எடை பாதியாகக் குறையும், பரவாயில்லை. முதல் நாளே மாஸ்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் எல்லோருக்கும் தரும் அட்டவணையையே உங்களுக்கும் தருவார்.

இப்போது படி. சோளிங்கர் 2019-ல் ராணிப்பேட்டை மாவட்டத்தோடு போய்விட்டாலும், பழைய வடஆற்காட்டுக்காரர்களுக்கு அது நம்ம ஊர்தான். பெரிய மலையில் யோக நரசிம்மர் கோயிலுக்கு 1,305 படி. எதிரே சின்ன மலையில் ஆஞ்சநேயருக்கு 406. ஏறுவது எல்லோருக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். ஆனால் முதல் தடவை எனக்குப் பாடம் கற்றுத் தந்தது இறக்கம். பாதி இறங்கியதும் மண்டபத்தில் சற்று நின்றேன். இடது காலைத் தரையில் வைத்து உடம்பின் எடையை அதன் மேல் போட்டதும், முழங்காலுக்கு மேலே தொடை தானாகத் துடிக்க ஆரம்பித்தது. கையால் அழுத்திப் பிடித்தாலும் உள்ளே நரம்பு ஓடுவது விரலுக்குத் தெரிந்தது. குல்மார்க்கில் அனுபவித்த அதே நடுக்கம். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து அதே படி இறங்கியபோது அந்தத் துடிப்பு மிகவும் குறைவு. உடம்பின் இயல்பே அது: இப்படி ஒரு முறை வலிபட்ட சதை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு வலிக்காது. அதனால் பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் ஒரு நல்ல இறக்கம் இருந்தே ஆக வேண்டும். கடைசி வாரத்தில் கூடாது, வலியோடு ரயிலேறுவீர்கள்.

2024-ல் பெரிய மலைக்கு ரோப் கார் வந்துவிட்டது. பலர் படியேறிவிட்டுத் திரும்பும்போது ரோப் காரில் இறங்குகிறார்கள். நமக்குத் தேவை நேர் எதிர். ரோப் காரில் ஏறி, தரிசனம் முடித்து, படியில் இறங்குங்கள். மூச்சு இறைக்காமல் தொடைக்கு மட்டும் முழு வேலை கிடைக்கும். குல்மார்க்கில் நடக்கப் போவதும் அதேதானே. முழங்காலை லேசாக மடக்கியபடி, குதிக்காமல், ஒவ்வொரு படியிலும் பாதத்தை மெதுவாக வைத்து இறங்க வேண்டும். கையில் பை வேண்டாம், குரங்குகள் விடாது.

படிக்கும் குறைகள் உண்டு. கார்த்திகை மாதம் முழுக்கக் கூட்டம். வெள்ளி, ஞாயிறுகளில் நம் வேகத்தில் இறங்கவே முடியாது. ஐப்பசி மழையில் படி வழுக்கும். ஜனவரிப் பயணத்துக்குத் தயாராகும் காலமும் சரியாக அதுதான்! அந்த வாரங்களில் ஜிம்தான் கைகொடுக்கும். ஏற்கெனவே முழங்கால் வலி இருப்பவர்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டாமல் இந்தப் படியில் இறங்கவே வேண்டாம்.

காலையில் வேலூர்க் கோட்டையில் நடப்பது போதாதா என்று தம்பி கேட்டான். மனசுக்கு அதைப்போல ஒன்று கிடையாது, நானும் போகிறவன்தான். ஆனால் சமதரை சமதரைதான். மூச்சுக்கு அடிப்படை போடும், அவ்வளவே.

ஏலகிரியில் நாலு நாள் தங்கினால் உயரம் பழகிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். பழகாது. ஏலகிரி ஆயிரத்துச் சொச்சம் மீட்டர். குல்மார்க் ஊரே சுமார் 2,650 மீட்டர். கேபிள் காரின் இரண்டாம் கட்டம் போய்ச் சேரும் அஃபர்வாட் பகுதி சுமார் 3,950. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். நல்ல உடற்கட்டு உள்ளவனுக்கும் உயர நோய் வரும். முதல் நாள் பலகையைத் தொடாமல் ஊரைச் சுற்றி நடந்து, தண்ணீர் குடித்து, தூங்கி எழுவதுதான் அதற்கு வழி.

வீட்டில் செய்ய வேண்டியது தனி. இது ஜிம்முக்கும் படிக்கும் போட்டி இல்லை, இரண்டிலும் கிடைக்காததை இது தருகிறது. கையகலக் குழாய்த் துண்டு ஒன்றின் மேல் பலகை போட்டு, பக்கவாட்டில் நின்று சமநிலை பழகினேன். ஆரம்பத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு நிமிடம். நின்றபடியே விரல்களை மேலே தூக்கி இறக்குவது ஐம்பது. தண்டால். அப்புறம், தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது. பந்தியில் உட்கார்ந்து பழகிய நமக்கு இது வரும் என்று நினைப்போம். நாற்காலிக்கு மாறி எத்தனை வருடம் ஆயிற்று என்பது எழும்போது தெரியும்.

மெத்தை போட்டு விழவும் பழகுங்கள். புதியவர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டில். கையை விரித்து ஊன்றக்கூடாது. விரல்களை மூடி, முன்கை முழுதும் தரையில் படும்படி விழ வேண்டும். மணிக்கட்டுக் காப்பும் வாங்கிவிடுங்கள்.

பணமும் நேரமும் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் படியைத்தான் எடுப்பேன், வீட்டுப் பயிற்சியோடு சேர்த்து. இரண்டாம் முறை குல்மார்க்கில் ஐந்து நாள் தொடர்ந்து சறுக்கினேன், மூன்றாம் நாளும் சேர்த்து. ஆனால் திரும்பி வந்த பிறகு அதைத் தக்கவைப்பதில் ஜிம் ஒரு படி மேல். மூச்சுத் திறன் இரண்டு மூன்று வாரத்தில் இறங்கத் தொடங்கிவிடும். தசை பலம் அதைவிட மெதுவாகத்தான் போகும். வாரம் ஒரு நாள் கனமாக ஸ்குவாட் போட்டாலே பல மாதம் தாங்கும். சித்திரை வெயிலில் சோளிங்கர் படியில் கால் வைக்கவே முடியாது. அந்த மாதங்களில் எனக்கு ஜிம்மும் விடியற்காலைக் கோட்டையும்தான்.

தம்பிக்கு ஆவணியிலேயே ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிறு முதல் பேருந்தில் இருவரும் போகிறோம். சின்ன மலையின் 406 படிதான் முதலில். பெரிய மலை மூன்று வாரம் கழித்து.