பஸ்ஸர்பீட்டர்: ஏழடிப் பையனை பாயிண்ட் கார்டாக நிறுத்தியவனின் விமர்சனம்

பஸ்ஸர்பீட்டர் விளையாட்டில் சேர்ந்த புதிதில் என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஒரு திறன்தான், ஜம்ப் ஷாட், அதாவது குதித்துக் கூடைக்கு எறிவது. யாருக்கு அது அதிகமோ அவனை வாங்கு, கையில் இருக்கிறவனுக்கும் அதையே பழக்கு, கூடையில் பந்து விழுந்தால்தானே பாயிண்ட் என்று ஒரு கணக்கு. இரண்டு சீசன் முடிந்தபோது அணி பட்டியலின் அடியில், சம்பளச் செலவு மட்டும் உச்சியில்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2007-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் இலவச கூடைப்பந்து மேலாளர் விளையாட்டு இது, பிரவுசரிலேயே ஆடலாம். பந்தை நாம் தொடவே மாட்டோம். ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது, வியூகம் வகுப்பது, டிக்கெட் விலை வைப்பது, அவ்வளவுதான் நம் வேலை. எதிரணியை நடத்துவதும் பெரும்பாலும் நம்மைப் போல ஒரு ஆள்தான்.

ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் 12 திறன்கள். பயிற்சி வாரத்துக்கு ஒரு முறை, வெள்ளிக்கிழமை. மொத்த அணிக்கும் சேர்த்து ஒரே ஒரு பயிற்சிதான் தேர்ந்தெடுக்கலாம். அதிலும் ஒரு பிடி இருக்கிறது. பாஸிங் பழக வேண்டியவன் அந்த வாரம் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவனாக, 48 நிமிடம் களத்தில் நின்றிருக்க வேண்டும், இல்லையென்றால் முழுப் பலன் கிடைக்காது. வாரத்துக்கு மூன்று ஆட்டம், ஆட்டத்துக்கு 48 நிமிடம், ஆக அந்த இடத்துக்கு மொத்தம் 144 நிமிடம். மூன்று பேருக்குப் பங்கு போட்டால் தீர்ந்தது. நாலாவது ஆளுக்கு ஆசைப்பட்டால் யாராவது ஒருவன் அரைகுறையாக நிற்பான்.

இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்ததே இந்தச் சிக்கல்தான். புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எனக்கு 18 வயதுப் பையன் ஒருவன் கிடைத்தான், ஏழடி உயரம். உள்ளே, கூடைக்குப் பக்கத்தில் நின்று ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்து) எடுப்பதற்கென்றே பிறந்தவன் மாதிரி இருந்தான், ஆனால் பாஸிங்கும் ஹேண்ட்லிங்கும் (பந்தைக் கையாளுவது) படுமோசம். உயரமானவனுக்கு உள்ளே ஆடும் திறன்கள் சட்டென்று ஏறும், வெளித் திறன்கள் நத்தை வேகத்தில் ஏறும். வயது கூடக் கூட எல்லாமே மந்தமாகிவிடும் என்பதால், கடினமானதை இளமையிலேயே முடித்துவிடலாம் என்று அவனைக் கொண்டுபோய் பாயிண்ட் கார்டாக நிறுத்தினேன். அன்றைய லீக் ஆட்டத்தை நேரலை வர்ணனையில் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தேன்: பந்தைக் கொண்டு வருகிறான், பறிகொடுக்கிறான், மறுபடி கொண்டு வருகிறான், மறுபடி பறிகொடுக்கிறான். தோல்வி. வெள்ளிக்கிழமை பார்த்தால் பாஸிங்கில் ஒரு படிகூட ஏறவில்லை. அடுத்த வாரமும் இல்லை. இப்படித் தோற்றுத் தோற்றுத்தான் ஒரு ஆளைச் செதுக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு பாடு? சம்பளம்தான் காரணம். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் திறன்களைப் பார்த்துச் சம்பளம் புதிதாகக் கணக்கிடப்படும், அவன் எந்த இடத்துக்கு மிகப் பொருத்தமோ அந்த இடத்தை வைத்து. இன்சைட் ஷாட், இன்சைட் டிஃபென்ஸ், ரீபவுண்ட் மூன்றை மட்டும் வானத்துக்கு ஏற்றிய சென்டர், அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஆடுகிறவன், கஜானாவைத் தின்றுவிடுவான். அதே பையனுக்குக் கொஞ்சம் பாஸிங், கொஞ்சம் ஹேண்ட்லிங் என்று பரவலாகக் கொடுத்தால், கொடுக்கிற சம்பளத்துக்கு மேல் உழைப்பான். ஸ்டாமினாவும் ஃப்ரீ த்ரோவும் சம்பளக் கணக்கிலேயே வராது, இலவச இணைப்பு மாதிரி.

வெளியே நின்று ஆடும் கார்டு ஒருவனை வளர்ப்பதென்றால் இப்போது நான் முதலில் தொடுவது அவுட்சைட் டிஃபென்ஸ், வெளியிலேயே எதிராளியைத் தடுப்பது. எதிரணி எவ்வளவு நல்ல ஷூட்டர் வைத்திருந்தாலும் நல்ல வாய்ப்பு கிடைக்காவிட்டால் என்ன செய்வான்? அப்புறம் ஹேண்ட்லிங், டிரைவிங் (பந்தோடு கூடையை நோக்கிப் பாய்வது), பாஸிங். ஜம்ப் ஷாட் அதற்குப் பிறகுதான். ரன் அண்ட் கன் மாதிரி வெளியிலிருந்து எறியும் ஆட்டம் ஆடுகிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், வரட்டும். ஆனால் அவர்களும் ஜம்ப் ரேஞ்சை (தூரத்திலிருந்து எறியும் திறன்) மறந்துவிட்டு ஜம்ப் ஷாட்டை மட்டும் ஏற்றினால் மூன்று பாயிண்ட் கோட்டில் நின்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை, வாங்குவதற்கு முன் பொட்டென்ஷியலை, அதாவது ஒருவன் எவ்வளவு தூரம் வளர முடியும் என்ற அளவைப் பாருங்கள். அது குறைவாக இருப்பவன் ஒரு கட்டத்துக்கு மேல் அநேகமாக ஏறவே மாட்டான், அவனிடம் பல மாதப் பயிற்சியைக் கொட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

பத்து நிமிடத்தில் கோப்பை வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது, ஒரு சீசனுக்கே 14 வாரம். பார்க்கவும் பழைய காலத்து இணையதளம் மாதிரிதான் இருக்கும், கிராபிக்ஸ் எதிர்பார்த்து வராதீர்கள். எனக்கு அது உறுத்தவில்லை, நான் பார்ப்பதெல்லாம் எண்களைத்தான்.

ஏழடிப் பையனா? ஐந்தாவது வெள்ளிக்கிழமை பாஸிங் ஒரு படி ஏறியது. இந்த வாரமும் பாயிண்ட் கார்டுதான்.