கட்டா, உழக்கா, தராசா: கீரைக்கு எது சரி?

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் முருங்கைக்கீரை பெரும்பாலும் கொல்லையில் ஒடித்து வருவது. எடைபோட்டு வாங்குவது குறைவு. சமையல் குறிப்பு 'ரெண்டு கப்' என்கிறது, விசேஷ வீட்டு லிஸ்ட் 'ரெண்டு கிலோ' என்கிறது. இரண்டையும் ஒட்டவைப்பதில்தான் தகராறு.

பச்சைக் கீரைக்குக் கப் மோசமான அளவு. 240 மில்லி கப்பில் தளர அள்ளிப் போட்டால் உருவிய முருங்கை இலை சுமார் 21 கிராம், முளைக்கீரை 28, பாலக் 30. அதே கப்பில் அமுக்கினால் இரு மடங்கு வரை ஏறும். அப்படியானால் 2 கிலோ முருங்கை இலை என்பது ஏறக்குறைய 95 கப். 95 தடவையும் ஒரே மாதிரி அமுக்கும் கை யாருக்கு இருக்கிறது?

வீட்டில் கப் இல்லாமல் உழக்குதான் (கால் படி) இருக்கிறதென்றால், படி ஊருக்கு ஊர் மாறும் என்பதை மறக்கக் கூடாது. உழக்கைத் தராசில் வைத்து சைபர் ஆக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள்; வரும் கிராம்தான் மில்லி. 336 வந்தால் அது 1.4 கப், தளரப் போட்ட முருங்கை அதில் 29 கிராம் பிடிக்கும்.

வெந்த பிறகு கதை மாறுகிறது. வெந்த முளைக்கீரை ஒரு கப் 132 கிராம். வெந்த முருங்கை 42தான். முளைக்கீரையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், சூடு பட்டதும் துவண்டு படிந்துவிடும். முருங்கையில் 80க்கும் கீழே. இலை சின்னது, வெந்தும் விறைப்பு முழுதாகப் போகாது, இடையில் காற்று நிற்கும். ஆகவே கீரை மசியலுக்கு எழுதிய கப் அளவை முருங்கைப் பொரியலுக்கு அப்படியே மாற்றினால் எடையில் மூன்றில் ஒரு பங்கு கீரைதான் தேறும்.

கட்டு வாங்குவதற்கு வசதி, கணக்குக்கு ஆகாது. ஈர்க்கும் காம்பும் எடையில் பாதியைத் தின்றுவிடும். ஒரு கட்டை முழுதாக நிறுத்து, உருவி, இலையை மட்டும் மறுபடி நிறுங்கள். 250 கிராம் கட்டில் 120 கிராம் இலை தேறினால், 2 கிலோ இலைக்கு 17 கட்டு வேண்டும். நிறுத்த பிறகே அலசுங்கள்; வாடாமலிருக்கத் தெளித்த தண்ணீரும் எடையில் வரும் என்பதால், நனைந்த கட்டை முதலில் நன்றாக உதறுங்கள்.

கடலோர உப்பு நிலத்தில் முளைக்கும், தன்னிலேயே உப்பு கரிக்கும் உமரிக்கீரைக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. இலை தடித்து நீர் கோத்தது, கப்பில் நெருங்கி உட்காரும். முருங்கையின் 21ஐ அதற்குப் போட்டால் உப்பு தூக்கிவிடும். நிறுத்தே போடுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டி, வடிதட்டில் ஐந்து நிமிடம் விட்டு, ருசி பார்த்த பிறகே உப்பில் கை வையுங்கள்.

ஆக, பச்சைக்குத் தராசு, வெந்ததற்குக் கப். ஆனால் கடல் காற்றில் ஸ்பிரிங் தராசு துருப்பிடித்து முள் நகரும். மாதம் ஒருமுறை பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்துப் பாருங்கள். கவர் எடைக்காகச் சில கிராம் கூடலாம், ஐம்பது கிராம் கூடினால் தராசை மாற்றுங்கள்.