ராஜ்தூத் 350: கிராங்க்கைப் பார்த்து வாங்குங்கள்

1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹா ஆர்.டி.350-ஐ ராஜ்தூத் பெயரில் இந்தியாவில் இறக்கியது. 347 சி.சி., இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். எண்பதுகளோடு தயாரிப்பு முடிந்துவிட்டதால், இன்று கிடைப்பதெல்லாம் பல கை மாறிய வண்டிகள்தான். ஆனாலும் ஐந்தாயிரம் ஆர்.பி.எம். நெருங்கும்போது அது எடுக்கும் இழுப்புக்கு இந்தச் செலவும் அலைச்சலும் தகும்.

முதலில் வந்த ஹை டார்க் (எச்.டி.) 30.5 குதிரைத்திறன், பின்னால் வந்த லோ டார்க் (எல்.டி.) 27. எச்.டி. என்றாலே விலையை ஏற்றிவிடுகிறார்கள். நாலு தடவை போர் பண்ணிய, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கிய, எச்.டி.யைவிடக் கைபடாத எல்.டி. எவ்வளவோ மேல். கம்பெனி வைத்த சிலிண்டர் விட்டம் (ஸ்டாண்டர்டு போர்) 64 மி.மீ.; ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25 மி.மீ. கணக்கில் ஏறி 65-இல் முடிகிறது. அதற்கு மேல் சிலிண்டருக்குள் புதுக் குழாய் (ஸ்லீவ்) அடிப்பதுதான் வழி. ஆகவே இப்போது எந்த சைஸ் பிஸ்டன் கிடக்கிறது என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இந்த எஞ்சினின் உயிர், பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க்கின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீலில் இருக்கிறது. வலப்பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும்: சூடான பிறகும் வெண்புகை அடங்காது, கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும். இடப்பக்க சீல் போவது இதைவிட மோசம். புகையே வராது. வெளிக்காற்று உள்ளே புகுந்து பெட்ரோல் கலவை மெலியும், பிஸ்டன் ஓட்டையாகும். ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டு விடுங்கள். ஐடிலுக்கு உடனே இறங்காமல் உச்சத்திலேயே இழுத்துக்கொண்டு நின்றால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். உறுதி செய்ய, எஞ்சினில் கார்புரேட்டரும் சைலன்சரும் மாட்டும் வாய்களை அடைத்து 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றிப் பாருங்கள். நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும்.

மாடிஃபிகேஷன் என்றதும் எல்லோரும் முதலில் எக்ஸ்பான்ஷன் சேம்பருக்குத்தான் (சக்தியைக் கூட்ட ஸ்டாக் சைலன்சருக்குப் பதில் மாட்டும் குழாய்) ஓடுகிறார்கள். பணத்தை முதலில் ஸ்பார்க் தரும் இக்னிஷனில் போடுங்கள். ஸ்பார்க் வரும் நேரத்தை முடிவு செய்ய, சிலிண்டருக்கு ஒரு பாயிண்ட், ஒரு கண்டென்சர் என்று இரண்டு செட். ஒரு பக்கம் டைமிங் நகர்ந்தாலும் அந்த பிஸ்டன் மட்டும் சூடாகிப் பிடிக்கும். பிளக் ஓட்டையில் பிஸ்டன் நிலையை அளக்கும் டயல் கேஜ் விட்டு இரண்டு பக்கமும் தனித்தனியாக டைமிங் வைக்கத் தெரியாத மெக்கானிக்கிடம் இந்த வண்டியை விடாதீர்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். பேட்டரி இறங்கியிருந்தால் மட்டும் எத்தனை கிக்கர் அடித்தாலும் வீண்; ஸ்டாக் வயரிங்கில் ஸ்பார்க்கே பேட்டரியிலிருந்துதான் வருகிறது.

சேம்பர் மாட்டினால் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டையும் மாற்றியாக வேண்டும். பெரிய ஜெட்டில் தொடங்கி, பிளக் முனை சாக்லேட் நிறத்துக்கு வரும்வரை படிப்படியாக இறங்குங்கள். வெள்ளையாக இருந்தால் உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள். இரண்டு கார்புரேட்டர் ஸ்லைடும் ஒரே நொடியில் எழ வேண்டும். அதைச் சரி செய்த பிறகே, எஞ்சினுக்குத் தானாக ஆயில் தரும் ஆட்டோலூப் பம்ப்பின் கேபிளைத் தொட வேண்டும், முன்னால் அல்ல. பம்ப்பை நம்பாமல் கழற்றிவிட்டு, பெட்ரோல் லிட்டருக்கு 35, 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் (2T) கலந்து ஓட்டுபவர்கள் உண்டு. அதில் தப்பில்லை. ஆனால் மலை இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடியபடியே வந்தால் பெட்ரோலோடு ஆயிலும் நின்றுவிடும். இடையிடையே கொஞ்சம் முறுக்கிவிட வேண்டும்.

இந்த வண்டியின் பெரிய குறை பிரேக். ஜப்பானில் வந்த ஆர்.டி.யின் முன் டிஸ்க்கை இங்கே டிரம்மாக்கிவிட்டார்கள். இத்தனை வேகத்துக்கு அது போதவே போதாது. டிஸ்க் போடுவதானால் ஃபோர்க், வீல், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் ஒரே வண்டியின் செட்டாக எடுங்கள். டிரம்மையே வைத்துக்கொள்பவர்கள் இரண்டு லீவரையும் இணைக்கும் கம்பியைச் சரிபார்த்து, இரண்டு ஷூவும் ஒன்றாக டிரம்மைத் தொடுகிறதா என்று பாருங்கள். இதைக் கவனிக்காததால்தான் பாதி வண்டிகள் நிற்பதில்லை.

மைலேஜ் 25-க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். எஞ்சின், சேசிஸ் எண்கள் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்; ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும்போது அங்கேயே நின்றுவிடும். அதே நாளில் மாட்டிக்கொண்டு போகப் பழைய ஸ்டாக் சைலன்சரையும் எடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.