ஃபங்ஷன் பட்டியல் கேட்டால் யார் என்ன தருகிறார்கள்: மேக்சிமா, மேப்பிள், மேத்தமேட்டிகா, சிம்பை, பாரி

எடிட்டரில் கட்டளைகளுக்கு நிறம் காட்ட வேண்டுமா, பாதி தட்டியதும் மீதியைப் பரிந்துரைக்க வேண்டுமா, வேறொரு நிரல்மொழியிலிருந்து இந்தக் கணித மென்பொருள்களை அழைக்க வேண்டுமா, எதுவானாலும் முதல் தேவை ஒன்றுதான்: உள்ளே என்னென்ன ஃபங்ஷன்கள் இருக்கின்றன என்ற பட்டியல். கையேட்டைப் பார்த்து எழுதி வைத்தால் அடுத்த பதிப்பிலேயே பழசாகிவிடும். மென்பொருளையே கேட்பதுதான் வழி.

மேக்சிமாவில் ஃபங்ஷன்ஸ் என்றே ஒரு மாறி இருக்கிறது. பெயரை நம்பி அதைக் கேட்டால் காலிப் பட்டியல் வரும், ஏனென்றால் அது நீங்கள் வரையறுத்தவற்றை மட்டுமே வைத்திருக்கும். வேண்டியது அப்ரபோஸ் என்ற கட்டளை. அதற்கு வெற்று மேற்கோளைக் கொடுத்தால் மேக்சிமா அறிந்த எல்லாப் பெயர்களும் கொட்டும். அமைப்பு மாறிகளும் அதில் கலந்திருக்கும். இன்னும் லோட் செய்யாத பேக்கேஜ்களில், அதாவது தனியாக ஏற்ற வேண்டிய கூடுதல் தொகுப்புகளில், உள்ளவை வராது. சட்டென்று ஒரு பெயரைத் தேட இது போதும், அதற்கு மேல் இதை நம்ப மாட்டேன்.

மேப்பிளிலும் இதே லோட் விவகாரம்தான், இன்னும் கொஞ்சம் வழுக்கலாக. அனேம்ஸ் கட்டளையிடம் புரொசீஜர் வகையை (மேப்பிளில் ஃபங்ஷன்களின் வகை) மட்டும் கேட்கலாம். ஆனால் மேப்பிள் தன் நூலகத்தைத் தேவைப்படும்போதுதான் நினைவகத்துக்குக் கொண்டுவரும். அதனால் காலையில் கேட்டால் ஒரு பட்டியல், நாலு கணக்குப் போட்டபின் கேட்டால் வேறொன்று. பேக்கேஜ் அளவில் பிரச்சினை இல்லை: லீனியர் ஆல்ஜிப்ரா போன்ற ஒன்றின் பெயரை எக்ஸ்போர்ட்ஸ் கட்டளைக்குக் கொடுத்தால், அது வெளியே தரும் பெயர்கள் ஒழுங்காக வரும்.

மேத்தமேட்டிகா தாராளம். நேம்ஸ் கட்டளைக்குள் சிஸ்டம் சூழலையும் (உள்ளமைந்த பெயர்கள் இருக்கும் இடம்) எல்லாம் என்று பொருள்படும் நட்சத்திரக் குறியையும் கொடுத்தால் ஆயிரக்கணக்கான பெயர்கள் எழுத்துச் சரங்களாக வந்து விழும். சரி, வந்தவை எல்லாம் ஃபங்ஷனா? இல்லை. பை என்ற மாறிலியும், பிளாட்ரேஞ்ச் என்ற விருப்பத்தேர்வும், சால்வ் என்ற ஃபங்ஷனும் ஒரே வரிசையில் நிற்கும். ஒரு பெயரின் பண்புகளைச் சொல்லும் அட்ரிபியூட்ஸைக் கேட்டால் மாறிலிகளைக் கழிக்கலாம், அவற்றில் கான்ஸ்டன்ட் என்ற அடையாளம் இருக்கும். சால்வையும் பிளாட்ரேஞ்சையும் அப்படிப் பிரிக்க முடியாது. இரண்டிலும் புரொடெக்டெட் (மாற்றக்கூடாதது) என்பதுதான் இருக்கும். ஒரு பெயருக்கு எழுதிய வரையறைகளைக் காட்டும் டவுன்வேல்யூஸும் கைகொடுக்காது, சைன் போன்ற உள்ளமைந்தவற்றுக்கு அது காலியாகவே இருக்கும்.

நடைமுறையில் உதவுவது ஒவ்வொரு பெயரோடும் வரும் பயன்பாட்டுக் குறிப்பு. ஃபங்ஷனாக இருந்தால் குறிப்பில் பெயரை அடுத்துச் சதுர அடைப்பு வரும். விருப்பத்தேர்வாக இருந்தால் பெரும்பாலும் ‘இது இன்னதற்கான விருப்பத்தேர்வு’ என்றே தொடங்கும். புதிய பதிப்புகளில் அந்தக் குறிப்புக்குள் வடிவமைப்புக் குறிகள் கலந்திருப்பதால் முதலில் அவற்றை உரித்தெடுக்க வேண்டும். கொஞ்சம் அசிங்கமான வழிதான், ஆனாலும் வேலை நடக்கும்.

சிம்பை பைத்தான் மொழியில் எழுதப்பட்ட நூலகம். அதில் பைத்தானின் கருவிகள் எல்லாம் கையில் இருப்பதால் இது சுலபம் என்று தோன்றும். பெயர்களைப் பட்டியலிடும் டிர் கட்டளையைச் சிம்பை மீது ஓட்டி, பைத்தானின் இன்ஸ்பெக்ட் தொகுதியில் உள்ள இஸ்ஃபங்ஷன் கொண்டு சலித்துப் பாருங்கள். இன்டகிரேட் வரும், சிம்ப்ளிஃபை வரும், சைன் வராது! சிம்பையில் சைன் ஒரு கிளாஸ், அதாவது பொருள்களை உருவாக்கும் அச்சு, ஃபங்ஷன் அல்ல. அதன் வகை ஃபங்ஷன்கிளாஸ். சரி, அந்த வகையைச் சேர்ந்தவற்றை எடுப்போம் என்றால் சைன், லாக், காமா எல்லாம் வந்துவிடும். இப்போது வர்க்கமூலம் காணாமல் போகும், ஏனென்றால் அது சாதாரண பைத்தான் ஃபங்ஷனாக எழுதப்பட்டது. இரண்டு சல்லடையின் முடிவையும் சேர்த்துக்கொண்டால்தான் பட்டியல் உருப்படியாகும். கூப்பிடக்கூடியதா என்று மட்டும் பார்த்தால் சிம்பல், மேட்ரிக்ஸ் போன்ற கிளாஸ்களும் நுழைந்துவிடும். அப்புறம், எக்ஸ்பிரஷன் (கணிதக் கோவை) பொருளோடு ஒட்டியிருக்கும் ஃபங்ஷன்களான மெத்தட்கள் இந்தப் பட்டியலில் வரவே வராது, அவற்றை எக்ஸ்பர் கிளாஸிடம் தனியாகக் கேட்க வேண்டும். இத்தனை சொன்னாலும், எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்பது துல்லியமாகத் தெரிவது இங்கேதான். பரிந்துரை வசதி கட்டுவதென்றால் என் ஓட்டு சிம்பைக்கு.

வேறொரு நிரல்மொழியிலிருந்து அழைக்க இடைமுகம் கட்டுவதென்றால் பாரி. கட்டளைகளைத் தட்டும் அதன் ஜிபி சாளரத்தில் பின்சாய்கோடும் ‘சி’ எழுத்தும் தட்டினால் உள்ளமைந்த ஃபங்ஷன்கள் திரையில் வரும், ஆனால் அது வெறும் அச்சு, மாறியில் பிடித்துவைக்கும் மதிப்பு அல்ல. அதை விடுங்கள். பாரி டெஸ்க் என்றொரு உரைக்கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பெயர், பிரிவு, சி மொழியில் அதன் பெயர், உள்ளீடுகளின் அமைப்பு, உதவிக்குறிப்பு எல்லாம் தனித்தனி வரியாக அதில் இருக்கும். மற்ற நான்கிலும் பெயரைப் பிடித்தபின் உள்ளீடுகளைத் தனியாகத் துருவ வேண்டும். இங்கே இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. பாரியைப் பைத்தானிலிருந்து அழைக்கும் சைபாரி இந்தக் கோப்பைப் படித்துத்தான் தன் மெத்தட்களைத் தானாக உருவாக்கிக்கொள்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஜிபி ஓடும்போது இன்ஸ்டால் கட்டளையால் சேர்த்த ஃபங்ஷன்கள் இந்தக் கோப்பில் இருக்காது. அவற்றுக்கு ஜிபியிடம் கேள்விக்குறியும் பூஜ்யமும் தட்டிப் பார்க்க வேண்டும்.